ஓடுகாலியின் வேகம்

நவம்பர் 9

மழை விட்டது. ஒரு வாரமாக அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டிருந்த துணிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பூஞ்சை வாடை போகவில்லை. கேன்டீனில் மறுபடியும் உப்புமா.

நேற்று சாயங்காலம் மேகம் கொஞ்ச நேரம் விலகியதில் மலைமேல் இருக்கும் எங்கள் தொலைநோக்கியில் ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் பிடித்தோம். இன்று பகல் முழுக்க அதன் கணக்கு. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜனின் கறுப்புக் கோடுகள் தெரியும். நம்மை விட்டு விலகிப் போகிற நட்சத்திரத்தில் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வேகம். பூமியின் ஓட்டத்தைக் கழித்த பிறகு வந்த விடையை நம்பாமல் முதலிலிருந்து மறுபடி செய்தேன். அதே விடை. வினாடிக்கு எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த வேகத்தில் போவதைப் பால்வீதியால் பிடித்து வைக்க முடியாது. எதுவோ அதைத் தூக்கி எறிந்திருக்கிறது. போய்க்கொண்டே இருக்கும். திரும்பாது.

தொலைநோக்கியின் இன்ஜினியர் குணாளன் எட்டிப் பார்த்தார். சொன்னேன்.

"வீட்ட விட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க. ஓடுகாலி."

பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நவம்பர் 10

விஸ்வேஸ்வரன் சாருக்குப் போன் செய்தேன். சென்னையில் இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலைக்கு வருவதில்லை. இந்த ஆராய்ச்சி அவருடையது. எனக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான்.

"ஒரு தடவ அளந்தது ஒண்ணுமில்லம்மா. பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்சத்திரம் இருந்து, ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டு இருந்தா, அந்தச் சுத்தே இவ்வளவு வேகம் காட்டும். இன்னொரு தேதியில அள. அதே நம்பர் வந்தா அது ஓடுது. மாறினா குப்பையில போடு."

வெளிநாட்டில் ஒரு குழுவும் இதே நட்சத்திரத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறதாம். டிசம்பர் நடுவில் அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும். பிறகு கோடையில் விடியற்காலையில்தான் பார்க்கலாம். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதைச் சாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 17

மழை.

நவம்பர் 21

மழை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. அம்மா நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாள். "மக்களே, கிறிஸ்மஸுக்காவது வருவியா? போன வருசமும் வருவேன்னுதான் சொன்ன நீ." வருவேன் என்றேன்.

நவம்பர் 28

குணாளன் வீட்டில் சாப்பாடு. குவார்ட்டர்ஸில் எனக்கு இரண்டு வீடு தள்ளி. அவர் மனைவி செண்பகம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கேன்டீன் உப்புமாவைத் தின்று தின்று செத்துப்போயிருந்த நாக்குக்கு உயிர் வந்தது. மகள் இனியாவுக்கு முன்பல் ஆடுகிறது. எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டுகிறாள்.

செண்பகம் கேட்டாள்: "அது எங்க போவுதுன்னு தெரிஞ்சு என்னங்க மேடம் ஆவப்போவுது?"

குணாளன் முந்திக்கொண்டார். "அது எங்கிருந்து கிளம்புச்சுன்னு தெரியும்ல. அதான் விஷயம்." நான் சொல்லிக்கொடுத்ததுதான். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

டிசம்பர் 2

புயல். கரையைக் கடக்கும்போது மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ஐந்தாவது வளைவில் மண் சரிந்திருக்கிறதாம். மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது.

டிசம்பர் 3

திரவ நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. ஒளியைப் பிரித்துப் பிடிக்கிற நிறமாலைக் கேமராவை எந்நேரமும் உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கு இது இல்லாமல் முடியாது. டவுனிலிருந்து கேன்களில் வரும். இந்த வாரம் வண்டி ஏறவில்லை. இனி வானம் திறந்தாலும் நாம் குருடுதான்.

குணாளன் காலிக் கேனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரோடு சரியானதும் மொதோ ஆளா போயி எடுத்துட்டு வந்துர்றேன் மேடம்" என்றார்.

டிசம்பர் 5

காலையில் தூறல் மட்டும். சார் போன் செய்தார். சாயங்காலம் மேகம் விலகும், அதற்குப் பிறகு அடுத்த மேகக்கூட்டம், இதுதான் கடைசி வாய்ப்பு என்றார். நைட்ரஜன் பற்றிக் கேட்டார். குணாளனிடம் சொன்னேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மதியம் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. நகம் வெட்டினேன்.

மாலை: ஒரு கேன் வந்துவிட்டது. காலையில் சரிந்த மண்ணின் ஓரமாக நுழைந்து போன ஜீப் திரும்பும்போது ஏறவில்லையாம். செக்யூரிட்டி மாதையனும் தோட்டக்காரர்களும் டிராக்டரில் ஐந்தாவது வளைவு வரை போய், சரிந்த மண்ணுக்கு இந்தப் பக்கம் கைமாற்றி வாங்கி வந்தார்கள். குணாளன் ஜீப்பில் இருக்கும் இன்னொரு கேனை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து வருகிறாராம். கேமரா குளிர ஆரம்பித்துவிட்டது. மேற்கில் நீலம் தெரிகிறது.

டிசம்பர் 6

நேற்று எடுத்த அளவு: நவம்பரில் வந்த அதே எண். பிழை எல்லைக்குள் துளியும் மாறவில்லை. துணை நட்சத்திரம் இல்லை. அது ஓடுகிறது.

குணாளன் இன்னும் வரவில்லை. இரண்டாவது தடவை மண் சரிந்திருக்கிறது. தேடுகிறார்கள்.

டிசம்பர் 7

மதியம் கிடைத்தார். கேன் பக்கத்திலேயே கிடந்ததாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். உடனே என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 9

அடக்கம் முடிந்தது. அவருடைய ஊர் அடிவாரத்தில்தான். பஸ்ஸில் எல்லோரும் போனோம். இனியாவை யாரோ பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய் டிவி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். செண்பகத்திடம் போய் உட்கார்ந்தேன். என் கையை அவள் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

திரும்பும் வழியில் மாதையன் என் பக்கத்து சீட்டில். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

டிசம்பர் 11

ஐந்தாம் தேதி சாயங்காலத்தை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். பிறகு மறந்துபோகும்.

இருட்டியதும் நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டோம். எட்டரைக்கெல்லாம் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். செண்பகம் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாள், அவர் வந்தாரா என்று. வந்துவிடுவார் என்றேன். மறுபடி செய்தாள். அதையே சொன்னேன். பிறகு மாதையன் வந்தான். "டிராக்டர எடுத்துக்கிட்டு ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேம்மா. செல்லு போவமாட்டேங்குது." டிராக்டரின் ஹெட்லைட் தொலைநோக்கிக் கட்டடத்தின் பக்கமாகத்தான் திரும்பும். அளவு எடுக்கும்போது வளாகத்தில் விளக்கு போடக்கூடாது என்பது எப்போதும் உள்ள விதி. நான் உண்டாக்கியதில்லை. நட்சத்திரம் இறங்கட்டும், பிறகு போகலாம் என்றேன். செல்லில் சிக்னல் இல்லாதது இங்கே தினமும் நடப்பது.

பிறகு போனார்கள்.

அவ்வளவுதான் நடந்தது.

டிசம்பர் 13

சார் போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, விசாரணைக் குழு வருகிறது என்றார்.

"நாம போன்ல பேசினத அங்க சொல்லணும்னு அவசியம் இல்ல ஹெப்சிபா. ஆர்வத்துல தானா கிளம்பிட்டார்னு சொல்லு. பொய்கூட இல்லையே, ஆர்வமான பையன்தானே."

"சரி சார்."

"நீ அன்னைக்கு அவர்கிட்ட என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதச் சொன்னேன் சார்."

"சரி. அத விடு" என்றார்.

டிசம்பர் 18

குழு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர். டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே கிளம்பினார் என்று சொன்னேன். டைப் செய்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். மாதையனிடம் அவன் எத்தனை மணிக்கு டிராக்டர் எடுத்தான் என்று மட்டும் கேட்டார்களாம்.

டிசம்பர் 25

ஊருக்குப் போகவில்லை. பாதை சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பாதை சரியாகிவிட்டது.

ஜனவரி 4

கட்டுரை எழுதத் தொடங்கியாயிற்று. சார் என் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிப்பதாகவும் கடிதம் வருமாம். படங்கள் வரைந்தேன். இரண்டு தேதிகளின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்துகின்றன. பார்க்கவே அழகாக இருக்கிறது. இப்படி எழுதலாமா தெரியவில்லை. ஆனால் அழகாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறை முடிந்து செண்பகம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருக்கிறாள். இன்று சாயங்காலம் கதவைத் தட்டினாள். கையில் ஆபீஸ் கவர். பொட்டில்லாத நெற்றியைப் பார்க்காமல் கவரையே பார்த்தேன்.

"இங்கிலீசுல போட்டிருக்காங்க மேடம். ஆபீசுல கேட்டா சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க படிச்சு சொல்லுங்க."

வாரிசு வேலைக்கு அவள் கொடுத்த மனுவுக்குப் பதில். பணியில் இருக்கும்போது நிகழ்ந்த மரணமாகக் கருத முடியாது. காலமான ஊழியர், மூடப்பட்டிருந்த சாலையில், அனுமதி இல்லாமல், தன்விருப்பமாக அலுவலக வாகனத்தை எடுத்துச் சென்றிருக்கிறார். மனு நிராகரிக்கப்படுகிறது. பிப்ரவரி இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

படித்துச் சொன்னேன்.

"அனுமதி இல்லாமன்னா? திருடிக்கிட்டுப் போனாருங்கறாங்களா?"

"அப்படி இல்ல செண்பகம். ஆபீஸ் பாஷை."

"அன்னைக்குக் காலையில தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். பாதி தோசையில எந்திரிச்சாரு. சென்னையிலேருந்து பெரிய சாரு போவச் சொல்லியிருக்காரு, உடனே போவணும்னாரு. எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு மேடம்."

நான் கவரை மடித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத் தெரியுமே மேடம், இல்ல?" என்றாள். கேள்வி போலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. குக்கர் விசில் வந்தது. உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

ஜனவரி 17

வேலைக்குப் போகவில்லை.

ஜனவரி 20

சாருக்குப் போன் செய்து, குழுவுக்கு வேறு வாக்குமூலம் எழுதப்போவதாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? ரோடு திறந்திருந்தா மட்டும் ஆள் அனுப்பப் பாருன்னேன். இல்லேன்னா விட்டுடு, நட்சத்திரம் எங்கயும் போயிடாது, கோடையில பாத்துக்கலாம்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"

"நீங்க போகச் சொன்னதா சொன்னேன்."

"மை காட்" என்றார். பிறகு, "என் பேரச் சொல்லி அனுப்பியிருக்கியேம்மா" என்றார். டிசம்பரிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அத விடு என்றார். அவரும் மறைத்தார். ஆனால் அவர் மறைத்ததையும் நான் செய்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஜனவரி 22

வாக்குமூலம் அனுப்பிவிட்டேன். கருவியின் பொறுப்பு அன்றைக்கு என்னிடம் இருந்தது, நான்தான் அவரை அலுவலக வேலையாகப் போகச் சொன்னேன், அவராகப் போகவில்லை. நான்கு வரி. எத்தனையோ தடவை அடித்துத் திருத்தி எழுதியும் நான்கு வரிக்கு மேல் வரவில்லை.

பிப்ரவரி 6

மறுபடி விசாரணை. இந்தத் தடவை டீ இல்லை. முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்றார்கள். பயத்தில் என்றேன். அவர்களில் ஒரு பெண்மணி பேனாவை மூடி வைத்துவிட்டு, "மேலதிகாரி யாராவது உங்களை அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாரின் முழங்காலும் வயதும் நினைவுக்கு வந்தன. இதுவும் பொய்தான். சரியா தப்பா என்று யோசிக்கத் தெம்பில்லை.

பிப்ரவரி 8

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நானே எழுதிவிட்டேன். சார் மறுப்புச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25

ஒப்பந்த நீட்டிப்பு ரத்து. எதிர்பார்த்ததுதான். கேன்டீன் மாஸ்டர் மட்டும் வருத்தப்பட்டார். உப்புமாவைக் குறை சொல்ல இனி ஆள் இல்லையாம்.

மார்ச் 12

செண்பகத்துக்கு அலுவலக உதவியாளர் வேலை உத்தரவு வந்துவிட்டது. வீடும் அவளுக்கே. மாதையன் வந்து சொன்னான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். டிசம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மார்ச் 27

மலையில் கடைசி நாள். புத்தகங்களைப் பார்சலில் அனுப்பியாயிற்று. ஒரே ஒரு பை. மதியப் பஸ்ஸுக்கு முன்னால் செண்பகத்திடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இனியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். செண்பகம் புது வேலைக்கு வாங்கிய புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். காபி போட்டுத் தந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவள் மறக்கவில்லை.

"நீங்க எழுதிக் கொடுத்ததாலதான் வேலை வந்துச்சுன்னு ஆபீசுல சொன்னாங்க. உங்க வேலை போயிருச்சுன்னும் சொன்னாங்க."

"அது பரவாயில்ல."

"லைட்டு விஷயமும் தெரியும் மேடம். மாதையன் அன்னைக்கே சொல்லிட்டான். மண்ணு எப்ப விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், மொதல்லயே விழுந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அத வச்சிக்கிட்டு நான் தூங்கிடுவேன்."

அதோடு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. இதை எங்கும் நான் எழுதவில்லை. குழுவிடமும் சொல்லவில்லை, இந்த நோட்டிலும் இல்லை. அவளிடம் சொன்னேன்.

"செண்பகம், அன்னைக்கு அவர் கிளம்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு கேட்டார். ரோடு பத்தி சார் ஏதாவது சொன்னாரா மேடம்னு கேட்டார்."

ஊசி நின்றது.

"விசாரிச்சுட்டார், திறந்துட்டாங்கன்னு சொன்னேன். யாரும் விசாரிக்கல. சும்மா சொன்னேன். அவர் தயங்கினார், நட்சத்திரம் போயிடும்னு சொன்னேன். 'திறந்துட்டாங்கன்னா சரி மேடம், போயிட்டு வந்துர்றேன்'ன்னு சொல்லிட்டுப் போனார்."

ஊசியைப் புடவையிலிருந்து எடுத்து, நூலைச் சுற்றி, டப்பாவில் வைத்து மூடினாள்.

"அஞ்சாவது வளைவுல மண்ணப் பாத்தப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல" என்றாள். "நீங்க பொய் சொன்னீங்கன்னு."

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் கேன தூக்கிக் கொடுத்திருக்காரு."

நான் தம்ளரைத் தரையில் வைத்தேன்.

"ஏன் மேடம் இத எங்கிட்ட சொன்னீங்க? வேலைக்கு வேண்டியத நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்க. அதுக்கு மேல நான் உங்கள ஒண்ணும் கேக்கலையே. சொல்லிட்டு நீங்க லேசாயி ஊருக்குப் போயிருவீங்க. நான் இங்க, இந்த ரோட்டுல, தெனம் புள்ளய ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டு போவணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குக் கேட்கிற மாதிரி, நிஜமாகவே பதில் வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள். மன்னிச்சிரு என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

"காபி ஆறிடுச்சு. குடிச்சிட்டு கிளம்புங்க. பஸ்ஸு போயிரும்" என்றாள்.

குடித்தேன். தம்ளரை அவள் கையில் கொடுத்தேன். நான் வாசல் தாண்டியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கேட் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துக்குப் பாதி தூரம் போன பிறகு உள்ளங்காலில் ஜல்லி குத்தியது. செருப்பை அவள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பிப் போகவில்லை.